கோவை என்பது கீழே இருக்கிற ஊர் மட்டுமல்ல

இயற்கணிதம் தொடங்கும் நாளில் கரும்பலகையில் ‘கோவை’ என்று பெரிதாக எழுதிவிட்டு, “இது என்ன?” என்று கேட்பேன். கோத்தகிரிப் பக்கம் பத்தொன்பது வருடமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். பதில் ஒரு தடவைகூட மாறியதில்லை. “கீழே இருக்கிற ஊர், டீச்சர்.” மேட்டுப்பாளையம் தாண்டிப் போகணும், தீபாவளிக்குத் துணி எடுக்கிற ஊர், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் என்று வகுப்பே பேச ஆரம்பித்துவிடும்.

சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி. “பூவை நூலில் என்ன செய்வோம்?” “கோப்போம்.” சரி, எண்களையும் எழுத்துகளையும் கூட்டல், கழித்தல் குறிகளைக் கொண்டு கோத்து வைத்தால் அதுதான் கோவை. பூ கோப்பதற்கு ஊசி வேண்டும். இங்கே ஊசி மொழி. அந்த ஊசி குத்தாமல் கோக்கத் தெரியாததால்தான் நிறையப் பிள்ளைகள் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே கணக்கை வெறுக்கத் தொடங்குகிறார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் வருடா வருடம் கேட்கும் வாக்கியம், “பிள்ளைக்குக் கணக்கே வரலை டீச்சர்.” விடைத்தாளை எடுத்துக் காட்டுவேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி, சமன்பாட்டைத் தீர்த்த விதமும் சரி. தப்பு முதல் வரியில் இருக்கும், வாக்கியத்தைக் கோவையாக மாற்றிய இடத்தில்.

இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள், க என்பது தெரியாத ஓர் எண். ‘12-இலிருந்து க-வைக் கழிக்க.’ ‘12-ஐ க-விலிருந்து கழிக்க.’ இரண்டும் 12 என்றுதான் தொடங்குகின்றன. பிள்ளைகள் இரண்டுக்குமே 12 − க என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். முதலாவதுக்கு 12 − க சரி. இரண்டாவது க − 12. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுவதால் வரும் தப்பு இது. தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது, உருபு மாறினால்தான் மாறும். அதனால் வரிசையைப் பார்க்காதே, உருபைப் பார் என்று சொல்கிறேன்.

இதை எனக்குத் தெளிவாக்கியது கணக்குப் புத்தகம் அல்ல. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியை வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தார். ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள், ‘மலையின் வீழருவி’. தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் என் வகுப்பில், “கேத்தரின் அருவி மலையிலிருந்து விழுகிறதா, மலை அருவியிலிருந்து விழுகிறதா?” என்று கேட்டேன். ஒரே சிரிப்பு. எதிலிருந்து விழுகிறதோ அது மலை. எதிலிருந்து கழிக்கிறோமோ அது கழித்தல் குறிக்கு முன்னால் நிற்கும். ‘இருந்து’ எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம் ‘ஆல்’. கத்தியால் வெட்டினான் என்றால் கத்தி கருவி. 20-ஐ க-ஆல் வகுக்க என்றால் க-தான் கத்தி, வெட்டுப்படுவது 20. ஆகவே 20/க. கத்தி கீழே, பழம் மேலே.

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரிச் சிக்கல். ‘ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்’ என்பதில் 5 முன்னால் வருகிறது, கோவையிலோ அது பின்னால் போக வேண்டும். 5 − க என்று எழுதிவிடுகிறார்கள். அதையே ‘ஓர் எண்ணைவிட 5 குறைவு’ என்று சொல்லிப் பாருங்கள். எண் முன்னால், 5 பின்னால், சொன்ன வரிசையிலேயே க − 5 வந்து விழும். ஆங்கில வழியில் படித்தாலும் இந்த வாக்கியத்தை வீட்டில் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள் அதிலேயே சொல்லலாம். என் வகுப்பில் அப்படிச் சொல்லிப் பார்த்துத் தெளிந்தவர்கள் உண்டு.

அடைப்புக்குறியும் இலக்கணத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ‘ஓர் எண்ணின் இரு மடங்குடன் 5-ஐக் கூட்டுக’ என்றால் 2க + 5. ‘ஓர் எண்ணுடன் 5-ஐக் கூட்டி, வந்ததை இரு மடங்காக்குக’ என்றால் 2(க + 5). ‘கூட்டி’ என்பது வினையெச்சம், அந்த வேலை முதலில் முடிகிறது. முடிந்த வேலையை அடைப்புக்குள் பூட்டி வை என்பேன். சந்தேகம் என்றால் க-வுக்குப் பதில் 10 போட்டுப் பார்க்கலாம். முதலாவது 25, இரண்டாவது 30.

இப்போது இலைக் கணக்கு. எங்கள் ஊரில் இதைவிட்டு எந்தப் பேச்சும் நகராது. நான்கு, நாலரை கிலோ பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் வரும், இது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான்கையே வைத்துக்கொண்டேன். ‘ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோ இலை வேண்டும். இலையின் எடை இ கிலோ, தூளின் எடை தூ கிலோ. இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுது.’ வகுப்பில் பாதிக்கு மேல் 4இ = தூ என்று எழுதினார்கள். சரியாகத்தானே இருக்கிறது, நாலு இலை, ஒரு தூள்?

இ-க்கு 100 போடச் சொன்னேன். தூ 400 வந்தது. பின்பெஞ்சில் இருந்து ஒரு பையன், “நூறு கிலோ இலைக்கு நானூறு கிலோ தூள் தர்ற ஃபேக்டரி எங்க டீச்சர் இருக்கு? அப்பாகிட்டச் சொல்லணும்” என்றான். அவன் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம்.

சரியான விடை இ = 4தூ. தூள் எத்தனையோ, அதைப் போல நான்கு மடங்கு இலை. தப்புக்குக் காரணம், ‘இ’ என்பதை ‘இலை’ என்ற சொல்லின் சுருக்கமாகப் படித்தது. 4இ என்பதை ‘நாலு இலை’ என்று வாசிக்கிறார்கள். ஆனால் இ என்பது இலை அல்ல, கிலோவில் எண்ணின இலையின் எடை, அதாவது ஓர் எண். பாதித் தப்பு என்னுடையது. சொல்லின் முதல் எழுத்தையே மாறியாக (எண்ணுக்குப் பதில் நிற்கும் எழுத்தாக) வைத்து நானே அவர்களைக் குழியில் இறக்கிவிட்டேன். இப்போதெல்லாம் சம்பந்தமில்லாத எழுத்தைத்தான் தருகிறேன்.

பிள்ளைகள் மக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், சமன்பாடு எழுது என்று. மூன்றில் ஒருவருக்கும் மேல் தப்பாக எழுதினார்கள், அதில் பெரும்பாலும் இதே தலைகீழ்த் தப்பு.

எழுத்தை எண்ணுக்குப் பதிலாக வைப்பது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 12-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக் கணித அறிஞர் பாஸ்கரர் தம் ‘பீஜகணிதம்’ என்ற நூலில் தெரியாத எண்ணை ‘யாவத்தாவத்’ என்கிறார், ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று பொருள். எழுதும்போது ‘யா’ என்று சுருக்கிவிடுவார். இரண்டாவது தெரியாத எண் வந்தால் கறுப்பு, மூன்றாவது வந்தால் நீலம் என்று நிறங்களின் பெயர். அவற்றுக்கும் முதல் எழுத்துதான், கா, நீ. நிறத்தின் பெயரை வைத்தால் யாரும் அதைப் பொருள் என்று குழப்பிக்கொள்ள மாட்டார்கள். என்னைவிட அவர் நல்ல வாத்தியார்.

பெற்றோருக்கு இந்தக் கணக்கு ஏன் வேண்டும் என்று கேட்டால், இலை எடை போடும் இடத்துக்கு வாருங்கள். மழை நாளில் ஈரத்துக்கும் சாக்குக்கும் சேர்த்துக் கழிவு பிடிப்பது வழக்கம். அதை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்). ‘மூட்டைக்கு 2 கிலோ கழிவு’ ஒன்று. ‘நூற்றுக்கு 5 கிலோ கழிவு’ இன்னொன்று. காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மொத்த எடை க கிலோ, மூட்டைகள் ப என்றால் முதலாவது க − 2ப, இரண்டாவது க − 5க/100. மூன்று மூட்டையில் 90 கிலோ இலை கொண்டுபோனால் முதல் கணக்கில் 84 கிலோ நிற்கும், இரண்டாவதில் 85.5. மூட்டை ஒவ்வொன்றும் சரியாக 40 கிலோ வந்தால் இரண்டும் சமம். அதற்குமேல் அமுக்கிக் கட்டுகிறவருக்கு மூட்டைக் கணக்கு லாபம், தளர்வாகக் கட்டுகிறவருக்கு நூற்றுக் கணக்கு லாபம்.

‘மூட்டைக்கு’, ‘நூற்றுக்கு’, ‘ஆளுக்கு’ என்று வரும் ‘கு’ உருபு இருக்கிறதே, அது பெருக்கலும் ஆகும், வகுத்தலும் ஆகும். ‘கிலோவுக்கு இவ்வளவு ரூபாய்’ என்றால் மொத்தத்துக்குப் பெருக்க வேண்டும். ‘ஆளுக்குச் சமமாகப் பிரி’ என்றால் வகுக்க வேண்டும். உருபை மட்டும் நம்பினாலும் போதாது, வாக்கியம் முழுவதையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

அதனால்தான் ட்யூஷனில் மனப்பாடம் செய்யச் சொல்லும் அட்டவணைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ‘மொத்தம் என்றால் கூட்டல், மீதி என்றால் கழித்தல்.’ ‘கையிலிருந்த பணத்தில் க ரூபாய் செலவானது போக மீதி 40 ரூபாய். முதலில் எவ்வளவு இருந்தது?’ என்று கேளுங்கள். மீதி என்ற சொல்லைப் பார்த்ததுமே பிள்ளை க − 40 என்று எழுதும். விடை க + 40. குறுக்குவழி சொல்லிக் கொடுத்தவரை நம்பித்தான் அது எழுதியது.

குழப்பம் கேள்வியிலும் இருக்கலாம். நானே ஒரு பருவத் தேர்வில் ‘தம்பியிடம் க ரூபாய் உள்ளது. அண்ணனிடம் அதைவிட மூன்று மடங்கு அதிகம் உள்ளது. அண்ணனிடம் எவ்வளவு?’ என்று கேட்டிருந்தேன். எதிர்பார்த்த விடை 3க. ஒரு பெண் 4க என்று எழுதினாள். கோடு போட்டுவிட்டேன். தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். “டீச்சர், ஒரு மடங்கு அதிகம்னா எவ்வளவு?” “ரெண்டு க” என்றேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அப்ப மூணு மடங்கு அதிகம்னா?” மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டேன். அவளுக்கு மட்டுமல்ல, 3க எழுதினவர்களுக்கும் அப்படியே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ‘அதைப் போல மூன்று மடங்கு’ என்றுதான் எழுதுகிறேன். விலை இரண்டு மடங்கு அதிகரித்தது என்று செய்தியில் வந்தால் இப்போதும் அவள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். 3க + 5 என்று சரியாக எழுதிவிட்டு, கணக்கு முடியவில்லையே என்ற பதற்றத்தில் 8க என்று ‘முடித்து’ வைப்பார்கள். தொடக்கப்பள்ளியில் எல்லாக் கணக்குக்கும் கடைசியில் ஒரே எண்ணாக விடை வந்து பழகியதன் விளைவு. சமன்பாட்டில்தான் க எவ்வளவு என்று தேட வேண்டும், கோவை அப்படியே நிற்கலாம், அதுவே விடை என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டுப்பாடத்தை இப்போது தலைகீழாகத் தருகிறேன். கோவையை நான் தருவேன், வாக்கியத்தை அவர்கள் கொண்டுவர வேண்டும், வீட்டிலிருந்தோ வழியிலிருந்தோ. போன வாரம் க − 12 கொடுத்திருந்தேன். ஒரு பையன் எழுந்து வாசித்தான்: “ஊட்டி பஸ்ஸில் க பேர் இருந்தார்கள். கட்டபெட்டுவில் 12 பேர் இறங்கினார்கள்.” பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. “கட்டபெட்டுல யாருமே ஏறலையாடா?” இவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். அப்புறம் பென்சிலை எடுத்து − 12-க்குப் பக்கத்தில் + ப என்று எழுதினான்.