40 ஓம் காட்டும் பல்பு 529 ஓம் ஆவது எப்படி?

உசிலம்பட்டிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சார், சீரிஸ் போர்டுல மாட்டுற 100 வாட்ஸ் குண்டு பல்பைக் கழட்டி மல்டிமீட்டர்ல வச்சுப் பார்த்தேன். 40 ஓம் காட்டுது. கணக்குப் போட்டா 500-க்கு மேல வருது. மீட்டர் தப்பா, கணக்கு தப்பா?” (சீரிஸ் போர்டு என்பது, சோதிக்கும் பொருளோடு ஒரு பல்பையும் தொடராகச் சேர்த்து, ஒரே ஓட்டம் இரண்டின் வழியாகவும் போகும்படி செய்த சோதனைப் பலகை.)

இரண்டுமே சரி. கேள்வியைப் படித்த அன்றே சிம்மக்கல்லில் ஒரு பழைய கடையில் தேடி குண்டு பல்பு வாங்கி வந்து நானும் அளந்தேன். 38 ஓம்.

முதலில் கணக்கு. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. 100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.435 ஆம்பியர். மின்தடைக்கு 230-ஐ அந்த 0.435-ஆல் வகுக்க வேண்டும், 529 ஓம். இதே கணக்கை 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்குப் போட்டால் 52.9 ஓம் வரும். அதை பிளக்கிலிருந்து கழற்றி மீட்டரில் வைத்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். அப்படியானால் பல்பில் மட்டும் என்ன நடக்கிறது?

விடை பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்திலேயே இருக்கிறது. ஓம் விதியைச் சொல்லும்போது ‘மாறா வெப்பநிலையில்’ என்று தொடங்குவோமே, அந்த இரண்டு சொல்தான். மனப்பாடம் செய்கிற வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். மீட்டர் அளந்தது அறை வெப்பத்தில் இருக்கும் டங்ஸ்டன் இழையை. கணக்கு சொல்வதோ சுமார் 2500 டிகிரி செல்சியஸில் வெள்ளையாகத் தகிக்கும் இழையை.

சூடானால் தடை ஏன் ஏற வேண்டும்? மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 985 தூண்கள். எங்கே நின்று பார்த்தாலும் நேர்நேராக வரிசை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசையின் நடுவில் நேராக ஓடினால்கூட ஒரு பிள்ளை எந்தத் தூணிலும் இடிக்காது. உலோகத்துக்குள் அணுக்களும் இப்படித்தான் அணிவகுத்து நிற்கின்றன. எலக்ட்ரான் அணுவில் முட்டுவதால்தான் மின்தடை வருகிறது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மை அதைவிட அழகானது. எலக்ட்ரான் ஓர் அலை. ஒழுங்கு குலையாமல், அசையாமல் நிற்கும் அணு வரிசைக்குள் அது தடையின்றிப் போய்விடும். வரிசை குலைந்திருந்தாலோ, அணுக்கள் நின்ற இடத்திலேயே நடுங்கினாலோதான் அலை சிதறுகிறது. அந்தச் சிதறலைத்தான் மின்தடை என்கிறோம். சூடு ஏற ஏற நடுக்கம் கூடுகிறது. எல்லாத் தூண்களும் தாறுமாறாக ஆடும் மண்டபத்தில் அந்தப் பிள்ளை எப்படி ஓடும்? டங்ஸ்டனில் அறை வெப்பத்துக்கும் எரியும் வெப்பத்துக்கும் இடையே தடை 13, 14 மடங்காகிவிடுகிறது.

அயர்ன் பாக்ஸில் இருப்பது நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக்கலவை. இரண்டு வகை அணுக்கள் கலந்து கிடப்பதால் அதன் வரிசை முதலிலேயே குலைந்திருக்கிறது; சூட்டின் நடுக்கம் அதில் பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

இப்போது அந்த சீரிஸ் போர்டுக்கு வருவோம். சோதிக்கும் காயில் அறுந்திருந்தால் பல்பு எரியாது. நல்ல சீலிங் ஃபேனை மாட்டினால் மங்கலாக எரியும். ஷார்ட் ஆகியிருந்தால் பளிச்சென்று எரியும். ஷார்ட்டில் முழு 230 வோல்ட்டும் பல்பின் மேல் விழுகிறது. இழை சூடாகி 529 ஓமுக்கு ஏறி, ஓட்டத்தை அரை ஆம்பியருக்குள் பிடித்து நிறுத்திவிடுகிறது. பல்புக்குப் பதில் ஒரு சாதாரண 40 ஓம் தடையை வைத்திருந்தால் அதே ஷார்ட்டில் 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி, 1300 வாட் சூட்டைக் கக்கியிருக்கும். தேவைப்படும்போது தானே தடையைக் கூட்டிக்கொள்ளும் காவல்காரனை ஒரு பல்பு விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள் நம் மெக்கானிக்குகள். இதைக் கண்டுபிடித்துக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்த 6 ஆம்பியர் இன்னொன்றையும் விளக்குகிறது. ஸ்விட்சைத் தட்டும் கணத்தில் எல்லா குண்டு பல்பிலும் இழை குளிர்ந்துதான் இருக்கிறது. இழை சூடேறும் வரை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட இருக்காது, ஓட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு பாய்கிறது. பல மாதம் எரிந்து எங்கோ ஓரிடத்தில் மெலிந்துபோன இழை என்றால், மற்ற பாகம் சூடாகும் முன்பே அந்த மெலிந்த இடம் உருகி அறுந்துவிடும். பல்பு பெரும்பாலும் போடும்போதே பியூஸ் போவது இதனால்தான். வீடுகளில் பல்பைப் போடுவது எப்போது? விளக்கு வைக்கிற நேரத்தில்.

என் அப்பத்தா வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் முன்வாசல் பல்பு டப்பென்று போனது. கல்யாணமாகி வந்து பத்து நாள்கூட ஆகாத சின்னம்மாவின் ராசி என்று ஒரு பேச்சு கிளம்பி, வருஷக்கணக்கில் அவரைச் சுட்டது. அந்த வீட்டில் யாருக்காவது ‘மாறா வெப்பநிலையில்’ என்பதன் பொருள் தெரிந்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய். ஒவ்வொரு அரசுப் பள்ளி ஆய்வகத்திலும் பிள்ளைகள் தங்கள் கையால் பல்பை அளக்க ஒதுக்கும் பணத்தை வீண் செலவு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

உசிலம்பட்டி நண்பருக்கு ஒன்று. குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று அந்த ஹோல்டரில் எல்இடி பல்பை மாட்டிவிடாதீர்கள். அது எடுக்கும் ஓட்டம் மிகக் குறைவு; நல்ல காயிலுக்கும் ஷார்ட் ஆன காயிலுக்கும் ஒரே மாதிரி பளிச்சென்று எரியும். பழைய கடைகளில் 100 வாட் பல்பைக் கண்டால் இரண்டு சேர்த்தே வாங்கி வையுங்கள்.