“டீதானே” என்று சொல்லாமல் விடாதீர்கள்

“வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று கேட்டேன். இல்லை என்றார். ஓய்வுபெற்றவர், பல வருடமாக என்னிடம் வருபவர். தென் கொரியாவில் சுவோனில் வேலை பார்க்கும் மகனோடு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். 130/80-ல் நின்ற ரத்த அழுத்தம் 168/96. கணுக்காலில் வீக்கம். ரத்தத்தில் பொட்டாசியம் 3.1தான். மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லையாம்.

அவர் மனைவிதான் வாய் திறந்தார். “அந்தக் கொரியா கஷாயத்தைச் சொல்லுங்களேன்.”

“அது டீதானே!”

பெயர் சங்ஹ்வா சா. ‘சா’ என்றால் தேநீர். ஆனால் ஒரு தேயிலைகூட அதில் கிடையாது. வெண் பியோனி வேர், ரெஹ்மானியா வேர், அஸ்ட்ராகலஸ், தாங்க்வி என்ற ஏஞ்சலிகா வேர், பட்டை, இஞ்சி, இலந்தை, அதிமதுரம் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைப்பது. ரெஹ்மானியாவை ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை காயவைப்பார்கள். கறுப்பு நிறம் அதிலிருந்துதான் வருகிறது. ஹோ ஜுன் எழுதி 1613-இல் அச்சான தோங்குய் போகாம் என்ற மருத்துவ நூல் இதைக் கடும் உழைப்புக்கும் பெருநோய்க்கும் பிறகு ஓய்ந்துபோன உடம்பைத் தேற்றும் கஷாயமாகச் சொல்கிறது. சளிக்கு அல்ல. ஆனால் இன்றைக்குக் கொரியர்கள் சளி பிடிக்கிற மாதிரி இருந்தாலே மருந்துக்கடையில் ஒரு குட்டிப் பாட்டில் வாங்கி, அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள். குளிர்காலத்தில் பாட்டிலைச் சூடாகவே எடுத்துத் தர கடைகளில் தனிப் பெட்டி உண்டு.

டீக்கடையில் அதன் கோலமே வேறு. ரெஹ்மானியாவுக்குப் பேர்போன ஜோங்ஊப் நகரில் சங்ஹ்வா கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. சூடேற்றிய மாக்கல் கோப்பையில் (நம் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல்) கொதிக்கக் கொதிக்க வரும். மேலே பைன் பருப்பு, இலந்தைச் சீவல், சில கடைகளில் நடுவில் ஒரு பச்சை முட்டையின் மஞ்சள் கருவும் இருக்கும். கரண்டியால் கருவை எடுத்து அப்படியே விழுங்குபவர்களும் உண்டு, கலக்கிக் குடிப்பவர்களும் உண்டு.

சரி, நம்மவர் விஷயத்துக்கு வருவோம். மகன் பாசத்தோடு தினமும் ராத்திரி ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறான். அதிமதுரத்தில் கிளைசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. கார்டிசோல் ஹார்மோன் சிறுநீரகத்தில் வேலை காட்டாமல் தடுக்கும் நொதி ஒன்றை அது முடக்கிவிடும். அப்புறம் கார்டிசோல் தன் வேலையைக் காட்டும்: உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும். இவரோ நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர். அதுவும் பொட்டாசியத்தைத்தான் வெளியே தள்ளும். இரண்டும் சேர்ந்துகொண்டன. பழியை முழுக்க டீ மேலேயே போடவும் மனசு வரவில்லை. மூன்று வேளையும் கிம்ச்சி, சூப் என்று உப்பு தாராளமாகவே உள்ளே போயிருக்கிறது.

எப்போதாவது ஒரு கப் குடிப்பவருக்கு இந்தப் பயம் தேவையில்லை. தினசரிப் பழக்கம் ஆகும்போதுதான் யோசிக்க வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ஏஞ்சலிகா வகை வேர்களிடமிருந்து விலகியே இருப்பது நல்லது. ரத்தம் உறைவது மேலும் தள்ளிப்போகலாம். கர்ப்பிணிகள் குடிக்கவே வேண்டாம். பச்சை மஞ்சள் கருவில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம் என்பதால் வயதானவர்கள் அதைத் தவிர்க்கலாம். தேனும் சர்க்கரையும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சர்க்கரை நோயாளிகள் பார்க்க வேண்டும்.

நானும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “என்ன மருந்து?” என்பதோடு “என்னென்ன குடிக்கிறீங்க?” என்றும் கேட்கிறேன். அதிமதுரப் பொடி, கஷாயம், ‘இம்யூனிட்டி’ பானம் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

பாட்டிலை நிறுத்தி, மாத்திரையையும் கொஞ்சம் மாற்றி, மூன்று வாரத்தில் அவர் பழைய நிலைக்கு வந்துவிட்டார். அடுத்த மார்கழிக்கு மறுபடி சுவோன் போகிறாராம். “ஒரே ஒரு தடவை அந்தத் தெருவுக்குப் போய் ஒரு கப் குடிக்கலாமா டாக்டர்?”

“ஒரு கப் குடிங்க. மஞ்சள் கரு மட்டும் வேண்டாம்.”

“அது இல்லாம என்ன டாக்டர் சங்ஹ்வா!” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுந்தார்.