“சொன்னதைச் செய்யவில்லை” என்று வேலையிலிருந்து நீக்கினால்: மலேசியச் சட்டம் தரும் பாதுகாப்பு

மேலதிகாரி சொன்னதைக் கேட்கவில்லை என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி தன் வேலையைத் திரும்பக் கேட்க, 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இடம் தருகிறது. அரசு ஊழியர்களுக்கு இந்த வழி கிடையாது.

கெடு 60 நாள். வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து அதற்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். கம்பெனிக்கு மேல்முறையீடு எழுதிவிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருந்தே இந்த உரிமையை இழப்பவர்கள் உண்டு. கேட்கவே வேதனையாக இருக்கும். கம்பெனிக்கு எழுதுவதால் நாள்கணக்கு நிற்காது. இரண்டு இடத்திலும் கொடுங்கள்.

சரி, எது கீழ்ப்படியாமை? உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதாக, நியாயமானதாக, உங்கள் வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அது உங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தெரிந்தே நீங்கள் மறுத்திருக்க வேண்டும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரியை ஓட்ட மாட்டேன் என்ற ஓட்டுநர் குற்றவாளி அல்ல. அந்த உத்தரவே சட்டவிரோதம். ஷிப்ட் முறையில் இடைவிடாமல் நடக்கும் வேலை, அவசரநிலை போன்றவை தவிர, வார ஓய்வு நாளில் வரச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இடமாற்றம் அப்படியல்ல. வேலை ஒப்பந்தத்தில் இடமாற்றத்துக்கு இடமிருந்து, பிடிக்கவில்லை என்று போகாமல் இருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். முதலில் போய் வேலையில் சேருங்கள், பிறகு எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள் என்பதே என் ஆலோசனை.

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நடத்தைக் குற்றத்துக்காக நீக்கும் முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. விசாரணைக்காக இரண்டு வாரம் வரை வேலைக்கு வராமல் நிறுத்தி வைக்கலாம். அப்போதும் பாதிச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது. குற்றம் நிரூபணமாகாவிட்டால் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் உள்விசாரணை நடத்தவில்லை என்பதை மட்டும் வைத்து ஜெயித்துவிட முடியாது. தொழிலியல் நீதிமன்றம் சாட்சிகளைப் புதிதாக விசாரித்து முடிவு செய்யும். காரணத்தை நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். முதலில் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு இடையில் வேறு காரணத்துக்குத் தாவ முடியாது.

மனு கொடுத்ததும் இலாகா சமரசப் பேச்சுக்கு இரு தரப்பையும் அழைக்கும்; அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை. பேசித் தீரவில்லை என்றால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். ஜெயித்தால் மீண்டும் வேலை, அல்லது அதற்கு ஈடாக இழப்பீடு. அத்துடன் நிலுவைச் சம்பளமும் கிடைக்கலாம்: அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததைக் கணக்கில் எடுத்துக் குறைப்பார்கள்.

“நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிடுங்கள், உங்கள் பேர் கெடாது” என்று அன்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், கட்டாயத்தின் பேரில்தான் எழுதினேன் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.