மாஸ் என்பது நிறையா, திணிவா?

துகள் இயற்பியலைத் தமிழில் படிப்பவர் முதலில் தடுக்கி விழும் சொல் ‘மாஸ்’. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மாஸ் என்பது நிறை, வெயிட் என்பது எடை. இலங்கைப் பாடநூல்களிலோ மாஸ் திணிவு, வெயிட்தான் நிறை. ஒரே சொல் கடல் தாண்டியதும் வேறு பொருள் தருகிறது. ‘பொருண்மை’ என்று எழுதுவோரும் உண்டு.

மாஸின் மூலம் இலத்தீன் ‘மாசா’. பிசைந்த மாவுக் கட்டி என்று பொருள். அதற்கும் முன்னே, வாற்கோதுமை அடையைக் குறித்த கிரேக்கச் சொல் இருக்கிறது. 1687இல் நியூட்டன் இதைப் ‘பொருளின் அளவு’ என வரையறுத்தார். வேகத்தை மாற்ற முயன்றால் ஒரு பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதே இதன் அளவுகோல். நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகும்; மாஸ் மாறாது.

நிறை, ‘நிறு’ என்ற வினையிலிருந்து வந்தது. தராசுக்கு நிறைகோல் என்று பெயர். ஆக, சொல்லின் வேர் எடைப் பக்கமே சாய்கிறது. திணிவு, ‘திணி’யிலிருந்து வந்தது, செறிந்து இறுகுதல் என்று பொருள். ‘மண் திணிந்த நிலனும்’ என்றுதான் புறநானூற்றின் இரண்டாம் பாடல் தொடங்குகிறது.

எனக்குத் திணிவே பிடித்திருக்கிறது. காரணம் புரோட்டானுக்குள் இருக்கிறது. எலக்ட்ரானும், புரோட்டானை ஆக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களும், வெளியெங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலத்தோடு ஊடாடுவதால் மாஸ் பெறுகின்றன. ஊடாட்டம் வலுத்தால் மாஸும் கூடும். ஒளித்துகள் அதோடு நேராக ஊடாடுவதில்லை, அதற்கு மாஸும் இல்லை. 1964இல் முன்வைக்கப்பட்ட இக்கருத்துக்கான சான்று, ஜெனீவா அருகே துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மோதுவியில் கிடைத்து, 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்டது. ஆனால் புரோட்டானின் மாஸில், அதன் குவார்க்குகள் ஹிக்ஸ் புலத்தால் பெற்ற மாஸ் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்! மீதியில் பெரும்பகுதி, குவார்க்குகளின் இயக்கமும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் சிறு இடத்தில் அடைத்து வைத்திருக்கும் ஆற்றல். அங்கே ‘பொருண்மை’ பொருந்தவில்லை. திணிந்து கிடக்கும் ஆற்றலைத் திணிவு என்பது எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

திணிவு என்றால் டென்சிட்டி போலத் தோன்றாதா என்று கேட்கலாம். அதற்கு ‘அடர்த்தி’ இரு நாட்டிலும் நிலைத்துவிட்டது. ஹிக்ஸ் புலத்துக்குரிய துகளான ஹிக்ஸ் போசானின் திணிவு, துகள் இயற்பியலார் பயன்படுத்தும் ஆற்றல் அலகில், சுமார் 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் என்று தயங்காமல் எழுதலாம். தமிழ்நாட்டு மாணவருக்காக எழுதும்போது மட்டும், முதல் இடத்தில் ‘திணிவு (நிறை)’ என்று குறித்துவிட வேண்டும்.