செடித் தொட்டியில் சுண்ணாம்புக்கல்: கரைப்பது எது?

ஜப்பானின் தகாஷி அமானோ பரப்பிய இவாகுமி பாணி மீன் தொட்டிகளைப் பார்த்து மயங்காதவர் குறைவு. தரை முழுக்கப் பச்சைச் செடி, நடுவே நீலச் சாம்பல் நிறத்தில் சில கற்கள், அவ்வளவுதான். அந்த அழகுக்காகப் பலரும் தேடி வாங்குவது செய்ர்யு கல். அந்தப் பெயரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். அது தண்ணீரைக் கெடுத்துவிடும் என்கிறார்கள் சிலர். ஒன்றும் ஆகாது என்கிறார்கள் வேறு சிலர். அவரவர் தொட்டியைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை.

முதலில் கல்லைச் சோதித்துவிடலாம். கழுவிக் காயவைத்து, ஓரிடத்தில் ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். வெள்ளைக் கோடுகள் ஓடும் இடத்தில் விட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். காதருகே வைத்தால் மெல்லிய பொரிவுச் சத்தம்கூடக் கேட்கும். கருங்கல்லில் இது நடக்காது. சுரண்டாமல் விட்டால் சில கற்கள் ஏமாற்றிவிடும், அதனால் சுரண்டுவது முக்கியம்.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீரில் அது கரைவதில்லை என்றே சொல்லலாம்: லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம். கரைய வைப்பது கரியமில வாயு. அது தண்ணீரில் கலந்து கார்பானிக் அமிலமாகி, கல்லைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது, அது கரையக்கூடியது. கால்சியத்தால் ஜிஹெச் (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை) ஏறும், பைகார்பனேட்டால் கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) ஏறும். இரண்டும் ஒரே அளவில் ஏறினால் கல்தான் காரணம் என்று சந்தேகிக்கலாம்.

காற்றில் இருந்து கலக்கும் வாயு மட்டும் இருந்தால், கல் அதிகபட்சம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குக் கரையும். கேஹெச் கணக்கில் ஏறக்குறைய 3 டிகிரி (கடினத்தன்மையை அளக்கும் அலகு). செடிகளுக்காகச் சிலிண்டர் வைத்து வாயுவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு உயர்த்தினால், அது இயல்பைப் போலச் சுமார் 50 மடங்கு. ஆனால் கரையும் எல்லை 50 மடங்கு ஏறாது. ஏறக்குறைய நான்கு மடங்குக்குள், 10 டிகிரி வாக்கில் நின்றுவிடும். அதை எட்டவும் நாளாகும். வாரம் 1 டிகிரி ஏறும் தொட்டியில் வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றினால், குழாய்த் தண்ணீரின் அளவைவிட 2 டிகிரிக்கு மேல் போகாது.

இன்னொன்று, கேஹெச் ஏற்கெனவே 10 டிகிரியைத் தாண்டிய போர் தண்ணீரில் இந்தக் கல் பெரிதாக எதையும் கூட்டாது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுபவர்களுக்குத்தான் மாற்றம் அப்பட்டமாகத் தெரியும். போதாததற்கு, செடிகளுக்காகத் தொட்டியின் அடியில் போடும் அக்வா சாயில் மண்ணின் கேஹெச்சை இறக்கும் திறனையும் கல் சீக்கிரமே தீர்த்துவிடும். அந்தச் செலவு பண்ணுகிறவர்கள் வேறு கல் பார்ப்பதே நல்லது.

எனக்கு உண்மையில் கவலை தருவது பிஹெச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) விஷயம். வாயு கூடினால் அது இறங்கும். வாயு 30 மில்லிகிராம் இருக்கும்போது, கேஹெச் 4 என்றால் பிஹெச் 6.6. கேஹெச் 8 ஆகிவிட்டால் அதே வாயுவுக்குப் பிஹெச் 6.9. இது தெரியாமல், பிஹெச் இறங்கவில்லையே என்று வாயுவைக் கூட்டிக்கொண்டே போனால், மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கும், செத்தும் போகும். டிராப் செக்கரில் (வாயுவின் அளவை நிறத்தால் காட்டும், தொட்டிக்குள் மாட்டும் சிறு குடுவை) தொட்டித் தண்ணீரை ஊற்றாமல், 4 டிகிரி கேஹெச் கரைசலை ஊற்றி வையுங்கள். கல் எவ்வளவு கரைந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பச்சை நிறம் வந்தால் போதும்.

அப்புறம் செடிகள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் எல்லாம் கவலையே படாது. வாலிஸ்னேரியா, வேலம்பாசி போன்றவை பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். டோனினா, எரியோகாலான் வகைகளுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். கிரிஸ்டல் ரெட் இறாலும் அப்படியே. கப்பியும் மோலியும் வளர்ப்பவர்கள் இந்தக் கல்லைத் தாராளமாக வைக்கலாம்.