பூசணம் பிடித்த திராட்சையில் பிறக்கும் சோதெர்ன்

சோதெர்ன் என்ற வெள்ளை ஒயினை முதலில் செய்வது ஒரு பூஞ்சை, அப்புறம்தான் மனிதர்கள். போட்ரைட்டிஸ் சினெரியா என்று பெயர். ஸ்ட்ராபெர்ரி மேல் சாம்பல் நிறத்தில் படர்ந்து பழத்தை அழுகவைக்குமே, அதேதான். மழை விடாமல் பெய்தால் திராட்சையையும் அப்படியே நாசமாக்கிவிடும். ஆனால் காலையில் ஈரமும் மதியம் வெயிலும் மாறி மாறிக் கிடைத்தால் அதன் போக்கே வேறு.

பிரான்சின் போர்டோ நகருக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், சிரோன் என்ற சின்ன ஆறு கரோன் ஆற்றில் கலக்கிறது. மரநிழலிலேயே ஓடிவருவதால் சிரோனின் தண்ணீர் குளிர்ச்சியானது, கரோன் அதைவிட வெதுவெதுப்பானது. இரண்டும் சேரும் இடத்தில் இலையுதிர்காலத்தில் மூடுபனி எழுந்து சோதெர்னுக்கான திராட்சைத் தோட்டங்களை மூடுகிறது, அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்கிறது. பனி விலகி வெயில் வந்ததும் பழம் காய்ந்து, அழுகல் கட்டுக்குள் நிற்கிறது.

இங்கே அதிகம் பயிராகும் செமியோன் திராட்சைக்குத் தோல் மெல்லியது. பூஞ்சை அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போட, பழத்திலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகிறது. சர்க்கரையையும் அமிலத்தையும் பூஞ்சையும் கொஞ்சம் தின்னத்தான் செய்யும், ஆனாலும் தண்ணீர் அதைவிட வேகமாகப் போவதால் மிச்சமிருக்கும் சாறு பாகு மாதிரி கெட்டியாகிறது. வெயிலில் காயவைத்த உலர்திராட்சையில் இது நடக்காதா என்றால், தண்ணீர் வற்றுவது மட்டும்தான் நடக்கும். இங்கே பூஞ்சை கிளிசரால் போன்ற புதுப் பொருள்களையும் உண்டாக்குகிறது, வாயில் அந்த ஒயின் வழவழப்பாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

சிக்கல் என்னவென்றால், ஒரே கொத்தில் ஒரு பழம் சுருங்கியிருக்கும், பக்கத்துப் பழம் பளபளவென்று இருக்கும். அதனால் பறிப்பவர்கள் அதே வரிசைக்குப் பல வாரங்களில் பல முறை வந்து, பதமான பழத்தை மட்டும் கையால் எடுக்கிறார்கள். 1855இல் போர்டோ ஒயின்களுக்குப் போட்ட தரவரிசையில் இந்தப் பகுதியிலேயே தனி உயரத்தில் வைக்கப்பட்ட ஷாத்தோ டிகெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும் என்பார்கள். 2012இல் பழத்தின் தரம் போதவில்லை என்று அந்த வருடத்து இனிப்பு ஒயினையே அவர்கள் வெளியிடவில்லை. எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை.

சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட் இவ்வளவு சர்க்கரைக்குள் திணறுகிறது. ஆல்கஹால் 13, 14 சதவீதத்தைத் தொடும்போது நொதித்தல் நின்றுவிட, லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அது திகட்டாமல் இருப்பதற்குக் காரணம் கூடவே செறிந்திருக்கும் அமிலம், சேர்க்கப்படும் சோவின்யோன் பிளாங் திராட்சையும் அதற்குக் கைகொடுக்கிறது.

மணத்துக்கு வருவோம். தேன், ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல் என்று பலதும் அதில் தெரியும். அவற்றோடு சோட்டோலோன் என்ற வேதிப்பொருளும் இருக்கிறது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்துக்கு வாசனை தருவதும் அதே சோட்டோலோன்தான்! மிகக் கொஞ்சமாக இருக்கும்போது அது காய்ச்சிய சர்க்கரை போல மணக்கும், கூடினால் வெந்தயமாகவே தெரியும். ஜில்லென்று இருக்கும்போது மணம் எழாது, அதனால் கிளாஸில் ஊற்றி பத்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் முகர்ந்து பாருங்கள்.