துண்டு விழுந்த இடமெல்லாம் முளைக்கும் பாசி

கப்பாஃபைகஸ் அல்வரேஸி என்ற சிவப்புக் கடற்பாசியைப் பயிரிட விதை வேண்டாம், நாற்றங்கால் வேண்டாம். ஒரு கிளையைக் கிள்ளிக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டால் அதுவே அடுத்த பயிர். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராகீனன் இதிலிருந்து கிடைப்பதால், பிலிப்பைன்ஸில் 1970களின் தொடக்கத்திலேயே இது வணிகப் பயிராகிவிட்டது. இந்தியாவுக்கு இதை 1984இல் மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்தது. ராமேசுவரத்துக்கு அருகேயுள்ள மண்டபம் என்ற ஊரில் சோதனைகள் நடந்தபின், 2000இல் பெப்சிகோ நிறுவனம் உரிமம் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்களுக்கு இது முக்கியமான வருமானமாயிற்று.

மிதவைக் கணக்கைப் பார்த்தால் இதன் வேகம் புரியும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் சட்டத்தில் 20 கயிறுகள். கயிற்றுக்கு 20 துண்டுகள். துண்டு ஒன்று சுமார் 150 கிராம். ஆக, 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அது 240 முதல் 260 கிலோ வரை வரும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 சதவீத வளர்ச்சி. 22 நாளுக்கு ஒருமுறை எடை இரட்டிப்பாகிறது. அறுத்ததில் 60 கிலோவை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் காயவைக்கிறார்கள். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ.

லாபம் தரும் இந்தக் குணமே ஆபத்தும். கயிற்றில் கட்டிய துண்டுக்கும் அலையில் அறுந்த துண்டுக்கும் கடல் வேறுபாடு பார்ப்பதில்லை. வித்துகளாலும் இப்பாசி பெருக முடியும் என்றாலும், பரவலில் பெரும்பங்கு உடைந்த துண்டுகளுக்கே. துண்டுகள் உடையக் காரணங்கள் பல. காற்று கடுமையானால் மிதவை உரசிக் கிளைகள் முறியும். மேயும் மீன்களைத் தடுக்க மிதவையின் அடியில் கட்டும் வலை கிழிந்தால் உதிர்வது அப்படியே வெளியேறும். தண்ணீர் அதிகமாகச் சூடானாலும், மழையில் உப்புத்தன்மை குறைந்தாலும் 'ஐஸ்-ஐஸ்' நோய் வரும். அப்போது கிளையின் நடுவில் ஒரு பகுதி வெளுத்து, இளகி, அந்த இடத்தில் முறியும். வெளுத்த பகுதிதான் சாகிறது. அதற்கு அப்பால் நல்ல நிறத்தோடு இருக்கும் நுனி உயிரோடு மிதந்து போகிறது.

தமிழ்நாடு அரசு 2005இல் சாகுபடியைப் பாக் விரிகுடாப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடலுக்கும் வரையறுத்தது. இவற்றுக்கு இடையே உள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்குகின்றன என்பதால் அது சரியான அக்கறைதான். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடா நோக்கிச் செல்கிறது. அதற்கு ஒரு வாசல் பாம்பன் கால்வாய். அதன் தென்புறத்தில் முதலில் எதிர்ப்படும் தீவுகளில் ஒன்று குருசடை. அங்கே பவளப்பாறைகள் மீது இப்பாசி படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் சிங்கில், முள்ளி தீவுகளை ஒட்டியும் அது காணப்பட்டது.

பவளத்தை இது எப்படிக் கொல்கிறது? மான்கொம்பு போல் கிளைத்த அக்ரோபோரா பவளங்கள்தான் துண்டுகளை எளிதில் பிடித்துவைக்கும். கிளைகளுக்கு நடுவே சிக்கிய துண்டு, தொட்ட இடத்தில் ஒட்டுறுப்பை உண்டாக்கிக்கொள்கிறது. வளர வளர இன்னும் பல இடங்களில் ஒட்டி, கனத்த பாய் போலப் பவளத்தை மூடுகிறது. பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளிச்சேர்க்கையால் அவை உண்டாக்கும் சத்தே பவளத்தின் முதன்மை உணவு. மேலே பாசி மூடினால் வெளிச்சம் நின்று, அந்த உணவும் நின்றுபோகும். பாய்க்கு அடியில் நீரோட்டமும் குறைவதால் வண்டல் படிகிறது. இரவில் பாசியும் பவளமும் மூச்சுவிட, தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைகிறது. பவளம் செத்தபின் எஞ்சும் சுண்ணாம்புக் கிளைகளும் பாசியின் பிடிக்குள் இருப்பதால், புதிய பவளக் குஞ்சுகள் ஒட்ட இடமில்லை. அங்கே ஒதுங்கி வளரும் மீன்களும் இடமிழக்கின்றன.

ஒரா மீனும் கிளிமீனும் இதைத் தின்னும். ஆயினும் மேய்ச்சலைவிட வளர்ச்சி வேகமாக இருக்கும் இடத்தில் அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் 1974இல் ஆய்வுக்காகக் கொண்டுவந்த பாசி, ஆண்டுக்குச் சுமார் 250 மீட்டர் என்ற கணக்கில் 6 கிலோமீட்டர் பரவியது. ஆழமான வாய்க்கால்களைத் தாண்டாது என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள்.

அங்கே கையால் பிடுங்கிய இடங்களில் சில மாதங்களிலேயே மறுபடி தழைத்தது. பவளத்தில் ஒட்டிய அடிப்பகுதியில் கண்ணுக்கு எளிதில் படாத துணுக்கு மிஞ்சினாலும் அது முளைத்துவிடும். எனவே மூழ்குபவர்கள் பிடுங்கிய பாசியைப் பெரிய குழாயால் படகுக்கு உறிஞ்சினார்கள். பின்பு பொரிப்பகத்தில் வளர்த்த கடல் முள்ளெலிகளை (உடலெங்கும் முள் கொண்ட, பாசி மேயும் சிறு கடலுயிர்) பாறைகளில் விட்டு மிச்சத்தை மேயவைத்தார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது. அந்த முள்ளெலி அங்கேயே வாழும் இனம். அயல் பாசியை ஒழிக்க இன்னொரு அயல் உயிரைக் கொண்டுவருவது பெருந்தவறு.

கடலோரக் குடும்பங்களின் வருமானத்தை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. ஆகவே கவனம் மிதவையில் தொடங்க வேண்டும். பவளப்பாறைக்கு அருகிலும், அதை நோக்கி நீரோட்டம் போகும் இடத்திலும் மிதவை கட்டக் கூடாது. வாடை வலுக்கும் முன்பே அறுத்து, மிதவைகளைக் கரையேற்ற வேண்டும். விதைப்பாசி கட்டுவதும் நோய்ப்பட்ட கிளையைக் கழிப்பதும் கரையில் நடக்க வேண்டும். கழித்ததைக் கடலில் எறியாமல் காயவைக்க வேண்டும். பாறையில் ஒரு கொத்தைக் கண்டால் இழுத்துப் பிய்க்கக் கூடாது. நீருக்குள்ளேயே சிறுகண் வலைப்பையால் மூடி, ஒட்டிய இடத்தைச் சுரண்டி எடுத்து, பையின் வாயைக் கட்டியபிறகே மேலே தூக்க வேண்டும். அதே இடத்தை இரண்டு மாதத்துக்குள் மறுபடி பார்ப்பது அவசியம். 22 நாளில் இரட்டிப்பாகும் பயிருக்கு அது நீண்ட அவகாசம்.